வேலையை விட்டுவிட்டு போர்டு கேம் வடிவமைக்கலாமா? ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர் கேள்வி

கேள்வி: வணக்கம். எனக்கு மதுரைப் பக்கம். நியூரம்பர்க்கில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். புளூ கார்டில் (தகுதி பெற்ற வெளிநாட்டு ஊழியருக்கான வதிவிட அனுமதி) வேலைக்குச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்திருக்கிறேன். நம்மூர்க் கண்மாய்ச் சங்கிலியை வைத்து நான்கு பேர் ஆடும் போர்டு கேம் ஒன்று செய்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு கண்மாய். மழை பெய்தால் மேல் கண்மாய் நிரம்பி, கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு மறுகால் போகும். மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சலாம். 140 கார்டு, தண்ணீருக்கு 90 நீலக் கட்டை, ஆங்கிலத்தில் 11 பக்க விதிப்புத்தகம். ஆடி முடிக்க இரண்டு மணி நேரம். நண்பர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கடைசிக் கண்மாய்க்காரர் மட்டும் பாதி ஆட்டத்திலேயே சலித்துப்போகிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி நானே 1,500 பெட்டி போடுவதா, பதிப்பகத்துக்குக் கொடுப்பதா? பதிப்பகத்திடம் காட்டினால் யோசனையைத் திருடிவிட மாட்டார்களா? அண்ணன் மகள் வரைந்த படங்களைப் பெட்டியில் போடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை இப்போது விட வேண்டாம். வருமானம் ஒரு காரணம்தான்; உங்கள் விஷயத்தில் அதற்கும் முன்னால் நிற்பது வதிவிட அனுமதி. புளூ கார்டு உங்களுக்குக் கிடைத்தது அந்த வேலையை வைத்து. வேலையை விட்டால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அடுத்த வேலை தேடச் சில மாத அவகாசமே கிடைக்கும். சுயதொழிலுக்கென்று வதிவிடச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தனி அனுமதி இருக்கிறது. ஆனால் ஓர் ஒப்பந்தம்கூடக் கையில் இல்லாத வடிவமைப்பாளர் இதில் பிழைப்பு நடக்கும் என்று அலுவலரை நம்பவைப்பது மிகக் கடினம். அந்த வழியில் போனால் நிரந்தர வதிவிட அனுமதிக்கு வழக்கமாக ஐந்து ஆண்டு காத்திருக்கவும் வேண்டும்.

இருக்கிற வேலையிலேயே இருந்தால் கணக்கு வேறு. புளூ கார்டுக்காரர் ஜெர்மனில் ஏ2-க்கு அடுத்த நிலையான பி1 தேறியிருந்தால், ஓய்வூதியப் பங்களிப்போடு 21 மாதம் வேலை செய்ததும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 அளவு ஜெர்மன் மட்டும் இருந்தால் 27 மாதம். உங்களுக்கு 14 முடிந்துவிட்டது. பி1 எழுதினால் மிச்சம் 7 மாதம், இல்லையென்றால் 13. அந்த அனுமதி கைக்கு வந்துவிட்டால் எந்த வேலையும், எந்தச் சுயதொழிலும் யாரையும் கேட்காமல் செய்யலாம். ஆகவே உங்கள் ஆட்டத்துக்கு இந்த ஆண்டு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி பி1 தேர்வு. ‘ஜெர்மனியில் வாழ்தல்’ தேர்வையும் கையோடு எழுதி வைத்துவிடுங்கள், விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

முழுதாக விடாமல் வேலை நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதையும் இப்போது செய்யாதீர்கள். புளூ கார்டுக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு. 80 சதவீத வேலைக்கு மாறினால் சம்பளம் அந்த வரம்புக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். நிரந்தர வதிவிடம் வந்த பிறகு செய்யுங்கள். 45 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக இருந்து, நீங்கள் அங்கே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், ஓர் ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு முழுநேரத்துக்கே திரும்பும் உரிமையைச் சட்டம் தருகிறது. மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும். ஆட்டம் வடிவமைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஒரு நாள் முழுதாகக் கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டில் நிறுவனத்தின் பங்கும் தொடரும். முழுச் சுயதொழிலுக்குப் போனால் அந்தப் பங்கும் உங்கள் தலையில்தான்.

அதுவரை மேசையில் ஆட்டம் செய்வதற்கும் நண்பர்களோடு ஆடிப் பார்ப்பதற்கும் எந்த அனுமதியும் தேவையில்லை. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டு ராயல்டி வாங்குவது சுயதொழில். அதற்கு அதே 21-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவில், புளூ கார்டை வைத்துக்கொண்டே துணைத்தொழில் அனுமதி கேட்கலாம். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் எழுதி, நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தோடு கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும், பிறகு அல்ல. தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் எல்ஸ்டர் என்ற இணைய வரித் தளம் வழியாக வரி அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ராயல்டி மட்டும் வாங்கும் ஆசிரியருக்குப் பொதுவாக வணிகப் பதிவு தேவைப்படாது. பெட்டியை நீங்களே விற்கத் தொடங்கினால் அது வணிகம். நகராட்சியில் தனிப் பதிவு வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் இதில் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செலவு ரசீதுகளை முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். தொடக்க ஆண்டுகளின் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க வழியுண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் நட்டம் மட்டுமே காட்டினால் வரி அலுவலகம் இதைப் பொழுதுபோக்கு என்று முடிவு செய்து அந்தக் கழிவை மறுத்துவிடும்.

இனி வருமானம். கடையில் 45 யூரோவுக்கு விற்கும் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 19 சதவீத விற்பனை வரி போனால் 37.82. கடைக்காரர், மொத்த விநியோகஸ்தர் பங்கு போகப் பதிப்பகத்தின் கைக்கு ஏறத்தாழ 18 யூரோ வருகிறது என்று வையுங்கள். ஆசிரியருக்கு அந்தத் தொகையில் 6 சதவீதம் என்றால் பெட்டிக்கு 1.08 யூரோ. முதல் அச்சு 3,000 பெட்டியும் விற்றுத் தீர்ந்தால் 3,240 யூரோ, வரிக்கு முன். ஒப்பந்தத்திலிருந்து கடைக்கு வர ஓராண்டு முதல் மூன்றாண்டு ஆகும். இந்த விகிதத்தில், மாதம் 2,500 யூரோ பார்க்க ஆண்டுக்கு 28,000 பெட்டி விற்க வேண்டும். கத்தான் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் பல் தொழில்நுட்ப நிபுணர்; 1995-இல் அந்த ஆட்டம் வந்து ஆண்டின் சிறந்த ஆட்டம் விருது வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் தன் பல் ஆய்வகத்தை விடவில்லை. இன்னொரு புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ரெய்னர் க்னீட்சியா இங்கிலாந்தில் குடியேறி வங்கித்துறையில் இருந்த ஜெர்மானியர். பல ஆட்டங்கள் வெளிவந்து நிலைத்த பின்னரே, 1997-இல், முழுநேரமானார். இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள் போன வரிசையே அதுதான்.

1,500 பெட்டியை நீங்களே போடுவதை முதல் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சுச் செலவை மட்டும் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் அதிகம். ஓவியம், பக்க வடிவமைப்பு, கப்பல் கட்டணம், இறக்குமதியில் விற்பனை வரி, கிடங்கு, ஒவ்வொரு பார்சலுக்கும் அஞ்சல் செலவு என்று அது நீளும். 29.5 செ.மீ. சதுரப் பெட்டியில் 1,500 ஆட்டம் என்றால் ஏழெட்டு பாலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு. வீட்டு நிலவறையில் வைக்கிற சரக்கு இல்லை. பொட்டலம் போட்டு ஜெர்மனியில் விற்பவர் லூசிட் என்ற பொட்டலப் பதிவேட்டில் பதிய வேண்டும். ஆட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் என்றால் பொம்மைப் பாதுகாப்பு விதிகளும் சிஇ என்ற ஐரோப்பியத் தரக்குறியும் பொருந்தும். 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் நடைமுறையில் இருக்கிறது. இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். ஆனால் அது ஆட்டம் வடிவமைக்கிற வேலை அல்ல, பதிப்பாளர் வேலை. நீங்கள் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாகவே தெரிகிறது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் கரு அருமையானது. ஒருவருக்கு மிஞ்சியது அடுத்தவருக்குப் போகும் என்ற ஒரே விதியில் ஊர் முழுவதன் அரசியலும் அடங்கிவிடுகிறது. இந்தியக் கதைக்களம் இங்கே எடுபடுமா என்று சிலர் உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். ஜெர்மன் வீடுகளில் தலைமுறைகளாக ஆடப்படும் ‘மென்ஷ் எர்கரெ டிஷ் நிஷ்ட்’ என்ற பலகை ஆட்டம், தாயம் போன்ற நம் பச்சீசியின் வழிவந்தது. களம் தடையில்லை, அமைப்பில்தான் கோளாறு.

கடைசிக் கண்மாய்க்காரர் சலித்துப்போவதற்கு அவர் காரணமில்லை. ஆளுக்கு ஒரு கண்மாய் என்று கொடுத்துவிட்டீர்கள் அல்லவா, அங்கேதான் முடிச்சு. ஒரு சுற்றைப் பாருங்கள். மேல் கண்மாயின் கொள்ளளவு 6 கட்டை, உள்ளே 4 இருக்கிறது. மழைக் கார்டில் 5 வருகிறது. மொத்தம் 9, 3 கட்டை கலுங்கு தாண்டி இரண்டாவது கண்மாய்க்குப் போகிறது. அங்கே 5 இருந்தது, இப்போது 8. 2 கட்டை மூன்றாவதுக்கு. அங்கே 4 இருந்தது, 6 ஆகி நின்றுவிட்டது. நான்காவது ஆளுக்கு ஒன்றுமில்லை. நல்ல மழை பெய்த சுற்றிலேயே அவருக்கு முடிவெடுக்க எதுவும் கிடைக்கவில்லை. மேல் ஆளுக்கோ தண்ணீரைக் கீழே விட ஒரு காரணமும் இல்லை. இப்படி மூன்று சுற்று போனால் யாராக இருந்தாலும் போனை எடுத்துவிடுவார்.

மழையைக் கூட்டினால் இது தீராது. கூட்டினால் எல்லாக் கண்மாயும் நிரம்பி, மடை திறப்பது பற்றிய முடிவே அர்த்தமிழந்துவிடும். கடைசி ஆளுக்கு இழப்பீடாகப் புள்ளி கொடுப்பதும் ஒட்டுவேலை. அவர் புள்ளி வாங்கிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருப்பார்.

நான் சொல்லும் மாற்றம் இது: கண்மாயை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், ஆயக்கட்டைக் கொடுங்கள். ஐந்து கண்மாய், ஒவ்வொன்றின் கீழும் 4 வயல், மொத்தம் 20. நான்கு பேர் முறைவைத்து ஆளுக்கு 5 வயல் தேர்ந்தெடுக்கட்டும். ஒரே கண்மாயின் கீழ் ஒருவருக்கு அதிகபட்சம் 2. ஒரு வயலுக்கு ஒரு சுற்றில் 1 கட்டைத் தண்ணீர். மேல் கண்மாய் வயலுக்கு விளைச்சல் 2 புள்ளி, கீழே போகப் போக 3, 3, 4, கடைக்கோடியில் 5. மேலே உறுதி அதிகம், பலன் குறைவு, கீழே நேர்மாறு. யாரும் ஒரே இடத்தில் குவிய முடியாது என்பதால் மேலே வயல் வைத்திருப்பவருக்கே மூன்றாவதிலோ அதற்கும் கீழுள்ள கண்மாயிலோ ஒரு வயலாவது இருக்கும். தண்ணீர் கீழே போக வேண்டும் என்ற கவலை அவருக்கும் வந்துவிடும். சண்டையும் சமரசமும் அங்கிருந்துதான் பிறக்கும்.

மடையைத் திறக்கும் அதிகாரத்தை நீர்பாய்ச்சி என்ற பொறுப்பாக்குங்கள். ஐந்து நீர்பாய்ச்சி வில்லைகளைச் சுற்றுத் தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். தனக்கு வயலே இல்லாத கண்மாயின் மடை ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர்கள் அவரிடம் பேரம் பேசியாக வேண்டும். நம் கிராமங்களில் நீர்பாய்ச்சியைத் தனியாக அமர்த்தியதும், ஒரு வயல்காரர் கையில் மடை சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். உங்கள் ஊரில் விசாரித்தால் ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு விதிகூடக் கிடைக்கலாம்.

மழைக் கார்டுகளை மொத்தமாகக் கலைக்காதீர்கள். எட்டுச் சுற்று என்றால் முதல் நான்குக்குத் தென்மேற்குக் கட்டு, 0 முதல் 3 வரை. பின் நான்குக்கு வடகிழக்குக் கட்டு, 2 முதல் 7 வரை. தனித்தனியாகக் கலைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். முன்பாதியில் பஞ்சம், பின்பாதியில் பெருமழை. ஐப்பசி கார்த்திகை வரும் என்று தெரியும், எவ்வளவு வரும் என்று தெரியாது. திட்டம் போட அந்த அளவு நிச்சயமின்மை போதும்.

கட்டை 90 எதற்கு? ஐந்து கண்மாய், ஒவ்வொன்றிலும் 6, ஆக 30. கைமாறும் நேரத்துக்கு இன்னும் 6 சேர்த்தால் 36. தண்ணீர் நகர்த்தும் வேலை ஒரு சுற்றில் ஒரு நிமிடத்தைத் தாண்டுகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். தாண்டினால் கொள்ளளவை 5 ஆக்கிக் கட்டையைக் குறையுங்கள். கட்டையை எடுத்துவிட்டு எண் காட்டும் முள் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். தண்ணீர் கையால் நகர்வதுதான் இந்த ஆட்டத்தின் அழகு, எதிரே நின்று பார்ப்பவரையும் அதுதான் இழுக்கும். இரண்டு மணி நேரத்தை 80, 90 நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

140 கார்டு என்பதும் இடைஞ்சலான எண். 63 × 88 மி.மீ. கார்டு ஒரு அச்சுத்தாளில் பொதுவாக 54 அல்லது 55 வரும். 140-க்கு மூன்று தாள் ஓடும், மூன்றாவதில் பாதிக்கு நெருக்கமாக வீண். 108-க்குள் கொண்டுவந்தால் இரண்டு தாளோடு முடியும். பதிப்பக எடிட்டர் இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குத் தயாரிப்பு தெரியும் என்று புரிந்துகொள்வார். 32 கார்டு வெட்டுவது ஆட்டத்துக்கும் நல்லது. ஒரு தடவைகூட யாரும் ஆசைப்பட்டு எடுக்காத கார்டுகள் நிச்சயம் உள்ளே இருக்கும்.

புரோட்டோடைப்பில், அதாவது ஆடிப் பார்க்கும் மாதிரியில், ஓவியத்துக்குச் செலவழிக்காதீர்கள். கார்டு விவரங்களை விரிதாளில் வைத்து நான்டெக் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், ஒரு எண்ணை மாற்றியதும் மொத்தக் கட்டும் புதிதாக அச்சுக்கு வந்துவிடும். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி 100 சதவீதத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் கார்டு சற்றே சுருங்கி உறைக்குள் ஆடும். சாதாரண தாளில் அச்சிட்டு, பின்னால் பழைய சீட்டுக்கட்டுக் கார்டு ஒன்று வைத்து, ஒளி ஊடுருவாத முதுகுள்ள உறையில் போட்டால் போதும். வயல் வில்லைக்கு 2 மி.மீ. கனமுள்ள சாம்பல் அட்டை. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் பசை காயும்போது அட்டை வளைந்துவிடும். பின்பக்கமும் அதே கனத் தாளை ஒட்டி, ஓர் இரவு புத்தகங்களை அடுக்கி அழுத்தி வையுங்கள். வெட்டும்போது இரும்பு அளவுகோலை வைத்து, அழுத்தாமல் நான்கைந்து தடவை இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் ஓரம் சரிந்துபோகும். நான்கு ஆட்டக்காரர்களுக்கும் நிறத்தோடு ஒரு வடிவக் குறியும் கொடுங்கள். ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை குழப்பம் இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் சொல்லும் ‘நன்றாக இருக்கிறது’ என்பதை மரியாதையாக ஏற்றுக்கொண்டு, கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் உங்கள் மேல் அன்புள்ளவர்கள். உங்களைத் தெரியாதவர்கள் ஆட வேண்டும். அதற்கு நீங்கள் இருக்கும் ஊர் மிக வசதியானது. ஜெர்மன் ஆட்ட ஆவணக்காப்பகமும் அதைச் சேர்ந்த ‘ஹவுஸ் டெஸ் ஷ்பீல்ஸ்’ அரங்கும் நியூரம்பர்க் பெல்லர்ஹவுஸில்தான் இருக்கின்றன. அங்கே போய் ஆடுபவர்களோடு முதலில் அவர்கள் கொண்டுவந்த ஆட்டத்தை ஆடுங்கள், பிறகு உங்களுடையதைக் கேளுங்கள். ஜெர்மன்காரர்கள் குறையை முகத்துக்கு நேரே சொல்வார்கள்: ‘இந்த இடம் சலிப்பு, இந்த விதி தேவையில்லை’ என்று. மனம் சுருங்க வேண்டாம். நேரம் ஒதுக்கி யோசித்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் சொல்லும் அறிகுறியை எழுதிக்கொள்ளுங்கள், சொல்லும் மருந்தை அல்ல. ‘ஆட்டம் எப்படி?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த நேரத்தில் போனைப் பார்க்கத் தோன்றியது? எந்தத் திருப்பத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஒன்றைச் செய்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள்: தொடக்க நேரம், முடிவு நேரம், யார் எந்த வரிசையில் ஆடினார்கள், எத்தனை புள்ளி. 20 ஆட்டம் சேர்ந்ததும் கூட்டிப் பாருங்கள். முதலாவதாக ஆடியவர் 5 தடவை வென்றிருந்தால் இயல்பு. 10 தடவை என்றால் வரிசையில் கோளாறு. அதன் பிறகுதான் பார்வையாளர் சோதனை. பெட்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. விதிப்புத்தகமே பேச வேண்டும். எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள் என்று குறியுங்கள். கஷ்டமான சோதனை இது; பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமலிருப்பது எளிதல்ல. அடுத்தடுத்து மூன்று குழு தவறில்லாமல் ஆடி முடித்தால் விதிகள் தயார். 11 பக்கம் 6 ஆகட்டும். ஒரு பொருளுக்குப் புத்தகம் முழுக்க ஒரே பெயர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ‘வயல்’, இன்னோரிடத்தில் ‘நிலம்’ என்றால் இரண்டும் வேறு என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஜெர்மன் வடிவத்தை ஜெர்மன் தாய்மொழிக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட விதியைத் தாய்மொழியில் படிக்கவே விரும்புவார்கள்.

திருட்டுப் பயம் பற்றி. ஜெர்மன் பதிப்புரிமை உங்கள் விதியின் எழுத்து வடிவத்தையும் படத்தையும் காக்கும். மறுகால் போகும் என்ற யோசனையைக் காக்காது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் பெரும்பாலான பதிப்பகங்கள் சந்திப்பையே மறுத்துவிடும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் புரோட்டோடைப் பார்க்கிறார்கள், ஒத்த யோசனைகள் தற்செயலாக வரும். உங்களைக் காப்பது சட்டத்தைவிட இந்தச் சிறிய துறையின் ஒழுங்கு. 1988-இல் நியூரம்பர்க் பொம்மைச் சந்தை சமயத்தில் 13 ஆசிரியர்கள் பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றில் கையெழுத்திட்டார்கள்: பெட்டியில் ஆசிரியர் பெயர் போடாத பதிப்பகத்துக்கு ஆட்டம் தர மாட்டோம் என்று. இன்று பெரும்பாலான பெட்டிகளில் பெயர் இருப்பது அவர்கள் போட்ட வழி. 1991-இல் ஆட்ட ஆசிரியர் சங்கமும் வந்தது. ஷ்பீலெ ஆட்டோரன் ட்சுன்ஃப்ட் என்பது பெயர். சுருக்கமாக எஸ்ஏஇசட் என்பார்கள். ஒப்பந்த விஷயத்தில் புதியவர்களுக்கு அவர்கள் உதவி பெரிது, சேர்ந்துவிடுங்கள்.

காட்டுவதற்கு மூன்று இடம். அக்டோபரில் எஸ்ஸன் சந்தை, 1983 முதல் நடக்கிறது. கோடைத் தொடக்கத்தில் கோட்டிங்கன் ஆசிரியர் சந்திப்பு. குளிர்காலத்தில் உங்கள் ஊரிலேயே பொம்மைச் சந்தை, ஆனால் அது வணிகர்களுக்கு மட்டும். முதல் தடவைக்குக் கோட்டிங்கன் நல்லது. எடிட்டர்கள் புரோட்டோடைப் பார்க்கவென்றே வருவார்கள். எஸ்ஸனில் சந்திப்பு வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே மின்னஞ்சல் போட வேண்டும். அக்டோபரில் நேரே கடைக்குப் போய் நின்றால் விற்பனையாளரைத்தான் பார்ப்பீர்கள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஹாபா குழந்தைகள் ஆட்டத்துக்குப் பெயர் பெற்றது, அமிகோவின் பலம் சிறிய கார்டு ஆட்டம். 90 நிமிட ஆட்டத்தை அங்கே அனுப்புவது இரு தரப்புக்கும் நேர விரயம். பெகாசுஸ், ஹன்ஸ் இம் க்ளூக் போன்றவற்றின் பட்டியலைப் பார்த்து, உங்கள் ஆட்டம் எந்த வரிசையில் உட்காரும் என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

மின்னஞ்சலோடு ஒரே பக்கத் தாளும், மூன்று நிமிடத்துக்குள் ஒரு வீடியோவும் போதும். தாளில் ஆட்டக்காரர் எண்ணிக்கை, வயது, நேரம், பொருள் பட்டியல், மேசையில் விரித்த ஒரு புகைப்படம், இந்த ஆட்டத்தில் மட்டும் இருப்பது என்ன என்று இரண்டு வரி. கிடைப்பது 20 நிமிடம். தொடக்கத்திலிருந்து ஆடிக் காட்ட வேண்டாம். ஐந்தாம் சுற்றின் நிலையை, அதாவது வடகிழக்குப் பருவம் தொடங்கும் இடத்தை, முன்கூட்டியே பைகளில் பிரித்து வைத்து நான்கு நிமிடத்தில் அடுக்குங்கள். மூன்று நிமிட விளக்கம், இரண்டு சுற்று ஆட்டம், மிச்சம் கேள்விக்கு. பிடித்தால் பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இரண்டாவது பிரதி தயாராக இருக்கட்டும். பெட்டி, விதி, பலகை மூன்றிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். பதில் வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதே நேரம் இன்னொரு பதிப்பகத்திடமும் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தம் வரும்போது முதலில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எதன் மீது சதவீதம் என்று பாருங்கள். பதிப்பகத்தின் விற்பனைத் தொகை என்று இருக்க வேண்டும். ‘லாபம்’ என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், லாபத்தைக் கணக்கிடுவது அவர்கள் கையில் இருக்கிறது. திருப்பித் தரத் தேவையில்லாத முன்பணம், 18 முதல் 24 மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்புதல், அச்சு நின்றால் திரும்புதல், வெளிநாட்டு உரிமை விற்றால் அதில் உங்கள் பங்கு, பெட்டியின் முகப்பில் பெயர்: இந்த ஐந்தும் எழுத்தில் வேண்டும். கதைக்களத்தை மாற்றும் உரிமையைப் பதிப்பகம் கேட்கும். அதை முழுதாக மறுக்க முடியாது; மாற்றுமுன் ஆசிரியரைக் கலந்து பேச வேண்டும் என்ற வரியைச் சேருங்கள். அமெரிக்கப் பதிப்பகம் என்றால் வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-8பென் படிவம் தருவார்கள். அதில் எல்லா இடத்திலும் இந்தியா என்று எழுதிவிடாதீர்கள். குடியுரிமை இந்தியா, வரி வதிவிடம் ஜெர்மனி. அமெரிக்க ஜெர்மன் உடன்பாட்டின்படி ராயல்டிக்கு அங்கே பிடித்தம் இல்லை. ஜெர்மனியில் வரி கட்டுவீர்கள்.

கடைசியாக உங்கள் அண்ணன் மகளின் படங்கள். பதிப்பகங்கள் தங்கள் ஓவியரைத் தாங்களே அமர்த்திக்கொள்ளும். ‘இந்தப் படங்களோடுதான் ஆட்டம்’ என்று நிபந்தனை போட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அவர் வரைந்தது வேறு விதத்தில் மிகவும் பயன்படும். கண்மாய் தெரியாத ஓவியர் பாலைவனமும் குவிமாடமும் வரைந்து வைத்துவிடக்கூடும். கலுங்குக் கல், மடையின் கற்றூண், கரையோரப் பனை, கரைமேல் அய்யனார் கோயில், வடகிழக்குப் பருவத்தில் நிறைந்த நீர்ப்பரப்பு என்று எட்டுப் பத்துப் படங்களை, பக்கத்தில் அதே இடத்தின் புகைப்படத்தோடு, தனிக் கோப்பாகச் சேர்த்து வையுங்கள். ஒப்பந்தம் முடிவானதும் எடிட்டரிடம் ஓவியருக்கான குறிப்பாகக் கொடுங்கள். அந்தப் படங்களைப் பதிப்பகம் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் உங்கள் அண்ணன் கையெழுத்து வேண்டும். அவர் படம் ஏதேனும் அச்சில் வருமானால், அதற்கான ஊதியத்தையும் பெயரையும் அவருக்கும் பதிப்பகத்துக்கும் நேரடியான தனி ஒப்பந்தமாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் ராயல்டிக்குள் அதைக் கலக்க வேண்டாம்.